ஆற்றோடு திரும்பும் அண்ணன்

சித்திரை முழுநிலவு நாளில் எங்கள் கோரிப்பாளையத்தில் உறங்குவோர் எவருமிலர். தல்லாகுளத்திலிருந்து புறப்படும் அழகர் எங்கள் பகுதியைக் கடந்துதான் வைகைக்கு இறங்க வேண்டும். தோல்பையிலே நீர் பீச்சுவோர் ஒருபுறம், சர்க்கரைச் செம்பு ஏந்துவோர் ஒருபுறம். தர்கா வாசலிலும் கூட்டம்!

கதை யாவரும் அறிந்ததே. தங்கை மீனாட்சிக்கு மணம். சீர்வரிசையுடன் வருகிறார் அண்ணன் அழகர். வந்து சேருமுன் தாலி ஏறிவிட்டது. சினம் பொங்குகிறது. ஊருக்குள் கால் வைக்கவில்லை. ஆற்றில் இறங்கி, வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். ஆண்டுதோறும் வருகிறார், ஆண்டுதோறும் திரும்புகிறார்.

ஆனால் தோழர்களே, கோயில் புராணம் கூறும் காரணம் வேறு. தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்கவே அவர் ஆற்றுக்கு வருகிறாராம். தேனூரில் நடந்துவந்த அந்த விழாவை, 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றி, மீனாட்சி திருமணத்தோடு இணைத்தார் என்பர். ஒன்று கல்யாணம், மற்றொன்று ஆற்றுப் பயணம். இரண்டையும் ஒட்டவைக்க மக்கள் கண்டெடுத்த பசை எது? ஒரு குடும்பச் சினம்!

அந்தப் பசை நன்றாகவே ஒட்டிற்று. ஏன் ஒட்டாது? அழைப்பிதழில் பெயர் விட்டுப்போயிற்று, பந்தியில் முதல் இலை கிடைக்கவில்லை – பிறகு பத்தாண்டுக் காலம் 'பேச்சுவார்த்தை இல்லை' என்னும் வீடுகள் நம்மிடையே எத்தனை! "எனக்காகக் காத்திராதது ஏன்?" என்று அண்ணன் கேட்பதில்லை. "நேரம் கடந்துவிட்டது, அண்ணா" என்று தங்கை ஓடிவந்து சொல்வதில்லை. வாய் திறந்திருந்தால் அரை நாழிகைச் சண்டை. திறக்காததால் ஆண்டுதோறும் பயணம்.

இதிலே ஒரு வேறுபாட்டையும் காண்க. பேசாதிருக்கும் அண்ணனுக்கு ரோஷக்காரன் என்று பெயர். பேசாதிருக்கும் தங்கைக்குக் குணவதி என்று பெயர். அந்தக் குணத்துக்கு விலை உண்டு. அதைப் பத்திரப்பதிவு அலுவலகத்திலே காணலாம்.

பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்துரிமை சமம் என்று 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு முழங்கிற்று. உயில் எழுதாது இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சமபங்கு என்றது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு உரிமை தந்தது தமிழ்நாட்டின் 1989-ஆம் ஆண்டுத் திருத்தம். அதற்குமுன் மணமான பெண்களை அது வெளியே நிறுத்திற்று. அந்தத் தடையும் 2005-இல் நாடு முழுமைக்குமான திருத்தத்தால் அகன்றது. சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்தது. வந்தும், வீட்டு வாசலிலே நிற்கிறது!

என் தாத்தா உழைத்துக் கட்டிய வீடு. பாட்டி முன்பே காலமானார். தாத்தா உயில் எழுதவில்லை. வாரிசுகள் இருவர்: என் தந்தை, என் அத்தை. ஆளுக்குப் பாதி. ஒருநாள் அத்தை கையெழுத்திட்டு வந்தார். அந்தத் தாளுக்குப் பெயர் 'விடுதலைப் பத்திரம்'. யாருக்கு விடுதலை? ஒரு பட்டுச் சேலை, ஒரு தட்டுப் பழம். பாதி வீடு போயிற்று.

பின்னாளில் கேட்டேன்: "ஏன் அத்தை, ஒரு சொல் கேட்கவில்லை?"

"கேட்டால் வீடு கிடைக்கும். அண்ணன் கிடைப்பாராப்பா?" என்றார்.

அண்ணன் கிடைத்தாரா? மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தாலிச் சங்கிலியை அடகு வைத்த நாளிலும் அத்தை எங்கள் வீட்டுப் படியேறவில்லை. கல்யாணத்துக்கு வருவார், சாவுக்கு வருவார். "என் தங்கை தங்கம், வாய் திறந்ததில்லை" என்று இறுதிவரை என் தந்தை பெருமை பேசினார். அவர் கல்நெஞ்சர் அல்லர். கேட்டிருந்தால் இரண்டு நாள் உண்ணாதிருந்திருப்பார். மூன்றாம் நாள் கொடுத்திருப்பார். கேளாமலே கொடுத்திருக்க வேண்டியவரும் அவரே என்பது வேறு.

எதற்கும் வரிந்து கட்டச் சொல்கிறேனா? இல்லை. கோபம் ஆறட்டும் என்று ஒரு வாரம் பொறுப்பது விவேகம். கோபமே இல்லையென ஓர் ஆயுள் முழுதும் நடிப்பது என்ன பெயர் பெறும்?

தந்தை மறைந்த மூன்றாம் மாதம் என் தங்கை நேராகக் கேட்டாள்: "அண்ணே, இந்த வீட்டில் என் பங்கு எவ்வளவு?" அம்மா அழுதார் – உடன்பிறந்தவர்கள் கணக்குப் பார்க்கலாமா என்று. வீட்டு மதிப்பின் பேரில் எனக்கும் அவளுக்கும் சொல் தடித்தது. கதவை அறைந்து சாத்திச் சென்றாள். ஞாயிறன்று மீன்குழம்புச் சட்டியோடு வந்தாள். மதிப்பீட்டாளர் ஒருவரையும் உடன் அழைத்து வந்தாள்! உண்டோம், மறுபடி வாதாடினோம், மூன்று பங்கு என்று முடிவாயிற்று.

எழுதி முடித்த தாளைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்: "அத்தைக்கு உரியது எங்கே?" அத்தைக்கு வயது 78. சட்டப்படி இன்று அவர் கேட்க இயலாது. நாங்கள் கொடுக்க இயலும். எவ்வளவு என்பதில்தான் இப்போது சண்டை.