ஒரு கார், இரண்டு செட் டயர்

கோவையில் அந்த கார் திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸுக்குப் போகிறது. மாலையில் டியூஷன் முடிந்த மகளைக் கூட்டி வருகிறது. வருடத்தில் ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய், 2.1 கிலோமீட்டர் டிராக்கில் கடிகாரத்தோடு போட்டி போடுகிறது. 450 குதிரைசக்திக்கு மேல், அத்தனையும் பின்சக்கரங்களுக்கு. காரோடு வந்த டயர்கள் தேய்ந்து முடிந்தபோதுதான் வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. அடுத்து எந்த டயர்?

ஓட்டுபவருக்குச் சந்தேகமே இல்லை: செமி ஸ்லிக். சாலையில் ஓட்டலாம், ஆனால் டிராக்குக்காகவே செய்த டயர். ரப்பர் மிருதுவானது, பள்ளங்கள் குறைவு. பள்ளம் குறைந்தால் தரையைத் தொடும் ரப்பர் அதிகம். காய்ந்த தரையில் பிடிப்பும் அதிகம். நண்பர் ஒருவரிடம் ஒரு செட் கிடைத்தது. மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி டயரைக் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, புது டயருங்கறீங்க, மொட்டையாட்டம் இருக்குதுங்களே?"

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் விஷயம் முழுக்க அந்தக் கேள்வியில் இருக்கிறது. டயரில் பள்ளம் வெட்டுவது அழகுக்காக இல்லை. சக்கரத்துக்கு அடியில் சிக்கும் தண்ணீரை வெளியே தள்ளத்தான். தண்ணீர் போக வழியில்லாவிட்டால் டயர் அதன்மேல் ஏறி மிதக்கும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். டயர் அகலமாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இன்னொன்று, செமி ஸ்லிக் ரப்பர் சூடேறினால்தான் முழுதாகப் பிடிக்கும். டிராக்கில் இரண்டு சுற்றில் வந்துவிடும் அந்தச் சூடு, சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் அவிநாசி ரோட்டில் வரவே வராது.

ஐப்பசி மழையில் ஒரு மாலை. சிக்னல் பச்சை விழுந்தது. ஆக்ஸிலேட்டரை வழக்கம்போலத்தான் மிதித்தார். காரின் பின்பக்கம் மீடியனை நோக்கி விலகி, ஒருமுறை ஆடி, நேரானது. எதிலும் இடிக்கவில்லை. பின்சீட்டில் மகள் போனிலிருந்து தலையை நிமிர்த்தி, "என்னாச்சுப்பா?" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மனைவி சத்தம் போடவில்லை. கணக்குத்தான் கேட்டார். "வருசத்துக்கு எத்தனை நாள் டிராக்குக்குப் போறீங்க?"

"ஏழெட்டு நாள்."

"மிச்ச நாளெல்லாம் நாங்களும் இதுலதானுங்க வர்றோம்."

நடுவில் ஏதாவது ஒரு டயர் போதாதா என்று அவர் டயர் கடையில் கேட்டார். சாலைக்கான பெர்ஃபார்மன்ஸ் டயர்கள் இருக்கின்றன. மழையில் நன்றாகப் பிடிக்கும், டிராக்கிலும் சில சுற்று தாங்கும். பிறகு சூடு தாங்காமல் ஓரங்கள் பிய்ந்துவிடும். ஒரே ஒரு செட்தான் வாங்க முடியும் என்றால் அதைத்தான் வாங்க வேண்டும். டிராக்கில் இரண்டு நொடி பின்தங்கினால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

எந்த டயர் நல்ல டயர் என்பது தரையைப் பொறுத்தது. இதற்கு நம் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயனின் கதையைவிட நல்ல உதாரணம் இல்லை. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஃபார்முலா ஒன் பந்தயம். மிச்செலின் டயர்கள் அங்கிருந்த 13-வது வளைவைப் பந்தயம் முழுக்கத் தாங்காது என்பது பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது. பந்தயம் தொடங்கும் முன்பே அந்த டயர் மாட்டிய 14 கார்களும் பிட்டுக்குள் போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் மாட்டிய ஆறு கார்கள் மட்டும் ஓடின. அதில் ஒன்று நரேனின் ஜோர்டான். நான்காவது இடம், ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த புள்ளிகள் அவை மட்டும்தான். பின்வாங்கிய கார்களில் அந்த ஆண்டின் மிக வேகமான கார்களும் இருந்தன. அந்த ஒரு வளைவுக்கு அவற்றின் டயர் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் இரண்டு செட் என்று முடிவானது. சாலைக்கு ஒன்று, தனி அலாய் வீலில் செமி ஸ்லிக் இன்னொன்று. செலவு வலிக்கத்தான் செய்தது. பின்சக்கர டயரின் அளவு 285/30. அதாவது அகலம் 285 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 30 சதவிகிதம். சுமார் எட்டரை சென்டிமீட்டர். நம் ஊர்ப் பள்ளங்களில் ஒருமுறை பலமாக விழுந்தால் அந்தச் சுவர் புடைத்துக்கொள்ளும். புடைத்த டயருக்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

இரண்டு கதவு காரில் நாலு சக்கரத்தை எப்படி ஏற்றுவது? நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். டிராக்கில் ஜாக்கி போட்டு மாற்றி, மாலையில் சாலை டயரை மாட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார். காலையில் 28 பி.எஸ்.ஐ. காற்று வைத்தால் போதும். டயர் 80 டிகிரி வரை சூடேறும்போது அதுவே 35-ஐத் தொடும். டிராக்கில் காற்றைக் குறைத்துவிட்டு அதே டயரில் வீடு திரும்புகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். டயர் ஆறியதும் காற்று தாழ்ந்துவிடும். காற்றில்லாத டயர் ஹைவேயில் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும்.

இரண்டு செட் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. ஓடாத டயர் தேயாது, ஆனால் வயதாகும். பட்டன் பார்க்கப் புதிதாகவே இருக்கும், ரப்பர் இறுகியிருக்கும். 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' நடிகர் பால் வாக்கர் இறந்தது, நண்பர் ஓட்டிய போர்ஷே கரேரா ஜிடியில். மணிக்கு 45 மைல் அனுமதித்த சாலையில் 80 முதல் 93 மைல் வேகம்தான் காரணம் என்றது விசாரணை. கூடவே ஒன்பது வருடப் பழைய டயர்களும் காரின் பிடிமானத்தைக் குறைத்திருக்கும் என்றது.

டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். கோவை வீட்டின் பிரிட்ஜ் கதவில், காஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே, மனைவி '2324' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். 2024-ம் வருடம் 23-வது வாரம். மாடிப்படிக்கு அடியில் துணி போர்த்தி வைத்திருக்கும் டிராக் செட் பிறந்த வாரம். "அஞ்சு வருசம் ஆச்சுன்னா தேஞ்சாலும் தேயாட்டியும் தூக்கிப் போட்றணுமுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவரும் சரி என்றிருக்கிறார்.