ஆறு மாதமும் ஒரு கையெழுத்தும்

கோயமுத்தூரில் "எனக்குச் சொந்த ஊர் பாண்டிச்சேரி" என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் உடனே ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பாட்டிலைக்கூடக் கையால் தொடாத எனக்கு அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் இங்கே வந்த சில வருடங்களிலேயே சொந்த ஊரைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். யாராவது கேட்டால் "கடலூர்ப் பக்கம்" என்பேன். பொய் இல்லை. பக்கம்தான்.

இதனால் ஒரு சங்கடம் வந்தது. பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம், எங்கள் பகுதி ஓய்வூதியர்கள் முப்பத்து நான்கு பேர் சேர்ந்து, "பாண்டிச்சேரி, பிச்சாவரம், தரங்கம்பாடி, காரைக்கால்" என்று இரண்டு நாள் சுற்றுலா போனோம். பஸ், சாப்பாடு, தங்குமிடம், கைடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். பிறந்த ஊரைப் பணம் கட்டிச் சுற்றிப் பார்த்த ஆள் அந்த பஸ்ஸில் நான் ஒருவன்தான்.

"ஏனுங்க, உங்க ஊருக்கு நீங்களே டிக்கெட் எடுத்துப் போறீங்களே, நல்லாருக்குதா?" என்றாள் என் மனைவி.

"பேசாமல் வா" என்றேன்.

இரவு காந்திபுரத்தில் ஏறினோம். சேலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகப் போய் விடியும்போது பாண்டிச்சேரியில் இறங்கினோம். கொங்கு நாட்டுக்காரர்கள் கடலைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர், வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கடற்கரைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கால் மணி நேரம் பேசவே இல்லை. பிறகு, "இவ்வளவு தண்ணி இருந்தும் ஒரு தென்னைக்குப் பாய்ச்ச முடியாதுங்களே" என்றார்.

நான் பார்த்தது வேறு. நான் சிறுவனாக இருந்தபோது அங்கே மணல் இருந்தது. சாயங்காலம் மணலில் உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறோம். ஊருக்குத் தெற்கே 1980களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டுவிட்டது. நகரக் கடற்கரையில் இருந்த மணலை அலை எடுத்துக்கொண்டு போயிற்று. புதிதாக மணல் வரவில்லை. கரையைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள். இப்போது ஒரு பகுதியில் கடலுக்குள் தடுப்பு அமைத்துக் கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அதில் விளையாடுகிறார்கள். அதுவரைக்கும் சந்தோஷம்.

எங்களுக்கு வந்த கைடு, இருபத்தைந்து வயதுத் தம்பி. நல்ல குரல், நல்ல பொறுமை. வயதானவர்கள் படி ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டான். மணக்குள விநாயகர் கோவிலில், 2022 நவம்பரில் இறந்துபோன லட்சுமி யானையைப் பற்றிச் சொல்லும்போது அவனுக்கே குரல் தழுதழுத்தது. பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தின் கதையை அவன் சொன்ன அழகை நான் பாராட்டத்தான் வேண்டும். விளக்கு வரிசையாக எரிந்த ஒரு மாளிகையைக் கோவில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டுவிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொன்னாராம். அவளே தன் வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம். பின்னாளில் முத்திரைப்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, அவள் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அந்த வெள்ளை மண்டபம் எழுந்தது. சிறுவாணித் தண்ணீர் ஒரு நாள் தள்ளிப் போனாலே தவித்துப்போகும் எங்கள் ஆட்களுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.

காந்தி சிலைக்கு வந்ததும்தான் தம்பி தடுமாறினான். சுற்றிலும் நிற்கும் உயரமான கல் தூண்களைக் காட்டி, "இதெல்லாம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது" என்றான். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. வாயைத் திறக்கவில்லை. சின்னப் பையன், பிழைப்பு. அடுத்ததாக, "1947 ஆகஸ்ட் 15 அன்று வெள்ளைக்காரன் போனதும் பாண்டிச்சேரியும் இந்தியாவோடு சேர்ந்தது" என்று சொல்லிவிட்டு எல்லாரையும் ஐஸ்கிரீம் கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

இதை என்னால் விழுங்க முடியவில்லை. ஏனென்றால் நான் பிறந்தது 1950இல். பிறக்கும்போது நான் பிரெஞ்சுக்காரன்.

மறுநாள் காலை பஸ் கடலூரைத் தாண்டிப் பிச்சாவரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தம்பி மைக்கைப் பிடித்து, "யாராவது பாடலாம், ஜோக் சொல்லலாம்" என்றான். என் மனைவி என் முழங்கையில் இடித்தாள். நான் எழுந்து போய் மைக்கை வாங்கி, முதலில் அவன் காதில், "தப்பா எடுத்துக்காதே தம்பி, நேத்து நீ சொன்னதில் ஒரு சின்ன பாக்கி இருக்கு" என்றேன். பிறகு பஸ்ஸுக்குச் சொன்னேன்.

இந்தியா விடுதலை பெற்றபோது பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம், வங்காளத்தில் சந்திரநாகூர் ஐந்தும் பிரான்சின் கையில்தான் இருந்தன. சந்திரநாகூர் மக்கள் 1949இல் வாக்களித்து முதலில் வெளியேறினார்கள். மற்ற நான்குக்கும் 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற சிற்றூரில் வாக்கெடுப்பு நடந்தது. ஊர் மக்கள் எல்லாரும் வாக்களிக்கவில்லை. மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் அதுவும் முழுமை இல்லை. ஒப்பந்தம் 1956 மே மாதம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். நேற்று நீங்கள் நின்ற கடற்கரை, டெல்லிக்குப் பதினைந்து வருடம் கழித்துத்தான் காகிதத்தில் இந்தியாவானது.

அந்தக் காகிதத்தில் இன்னொன்றும் இருந்தது. அந்த மண்ணில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியர் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். அப்பா எழுதிக் கொடுப்பதுதான் கல்யாணமாகாத, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் கணக்கு. பலருக்கு இந்த விஷயமே தெரியாது. தெரிந்தவர்களிலும் மிகச் சிலரே எழுதிக் கொடுத்தார்கள்.

என் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. பிரெஞ்சில் அழகாக எழுதுவார். அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆள் இல்லாத நாளே கிடையாது. எழுதத் தெரியாதவர்களுக்கும், 'சொல்தா' என்று நாங்கள் சொல்லும் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களுக்கும் அவர்தான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். என் சித்தப்பாவுக்கும் எழுதினார். சித்தப்பா பிரான்சுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். பிறகு வந்த பென்ஷனில் மாடி வைத்து வீடு கட்டினார். அவர் பிள்ளைகள் இன்று பாரிஸ் புறநகரில் இருக்கிறார்கள்.

அப்பா தனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

எனக்கு என்ன ஆயிற்று என்றும் சொன்னேன். நான் படித்தது பிரெஞ்சு வழியில். சேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்சின் ஆறுகளைத் தூக்கத்திலும் ஒப்பிப்பேன். நொய்யல் என்று ஓர் ஆறு இருப்பது கோயமுத்தூருக்கு வந்த பிறகுதான் தெரியும். பள்ளியை விட்டு வெளியே வந்தபோது, எந்த நாட்டுக்காக என்னைத் தயார் செய்தார்களோ அந்த நாடு போயிருந்தது. ஆங்கிலத்தை இருபது வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். டைப்ரைட்டிங் பாஸ் செய்து, மத்திய அரசில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து, 1979இல் மாற்றலாகிக் கோயமுத்தூர் வந்தேன். முப்பத்தெட்டு வருடம் ரசீதுகளைக் கூட்டினேன். இன்றுவரை மனதுக்குள் எண்ணுவது பிரெஞ்சில்தான். அதில் தொண்ணூறுக்குத் தனிச் சொல் கிடையாது. "நாலு இருபதும் பத்தும்" என்பார்கள், "கத்ர் வேன் தீஸ்". என் உதடு அசைவதைப் பார்த்து ஆபீஸில், "சாமி மந்திரம் சொல்றாருங்க, கணக்கு டேலியாயிரும்" என்பார்கள்.

பஸ்ஸில் சிரித்தார்கள். பொள்ளாச்சிப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பறம் ஏனுங்க உங்கப்பாரு எழுதிக் குடுக்கலை? ஊருக்கெல்லாம் எழுதினவரு, பெத்த பையனுக்கு எழுதோணுமல்லங்க?" என்றார்.

அறுபது வருடமாக என்னிடம் இருக்கிற கேள்வி அது. அப்பாவிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன், வேலை கிடைக்காமல் அலைந்த நாளில், மரியாதை இல்லாத குரலில். அவர் பதில் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு நானும் கேட்கவில்லை. "தெரியலைங்க" என்று சொல்லி மைக்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பிச்சாவரத்தில் படகில் போனோம். அலையாத்தி வேர்களுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் கிடந்தது. மதியத்துக்கு மேல் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை. 1706இல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்குதான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சடித்தவர். 1845இல் டென்மார்க் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விலைக்கு விற்றது. "ஊரையே வித்தாங்களா? அங்கிருந்த சனத்தைக் கேட்டாங்களா?" என்று ஓர் அம்மா கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். "கேட்டிருக்க மாட்டாங்க அம்மா" என்று அவனே சொன்னான்.

கோட்டைக்கு எதிரே கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் என் மனைவி சொன்னாள்: "மாமா எங்கிட்டச் சொல்லியிருக்காருங்க."

அப்பா கடைசி மூன்று வருடம் எங்களோடு வடவள்ளியில் இருந்தார். 1994இல் இறந்தார். படுக்கையில் இருந்தபோது அவரைப் பார்த்துக்கொண்டது இவள்தான். நான் ஆபீஸுக்குப் போய்விடுவேன்.

"அவருக்கும் ஒண்ணு எழுதி வெச்சிருந்தாராமுங்க. பேரு, ஊரு, உங்க பேரு, எல்லாம் எழுதியாச்சு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. 'பெரியவன் நான், எனக்குப் போட்டுக்கலாம்மா. பன்னெண்டு வயசுப் பையன் எந்த ஊர்க்காரன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? அவன் கிட்டக் கேட்கவும் முடியாது, அவனுக்குப் புரியாது' அப்படீன்னாரு. கடைசி நாள் வரைக்கும் சட்டைப் பையிலயே வெச்சிருந்தாராமுங்க."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அப்பாவும் மகனும் பேசியிருக்க மாட்டீங்கன்னு யாருக்குங்க தெரியும்?"

குமாஸ்தாவாக வாழ்ந்தவன் எனக்கு ஒன்று தெரியும். கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கும் ஃபைலும் ஒரு முடிவுதான். தேதி போனதும் அதுவே உத்தரவு. அப்பாவுக்கும் அது தெரியாமல் இருக்காது. என்னைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்று தயங்கி நின்றார்; அந்தத் தயக்கமே எனக்காக முடிவு செய்துவிட்டது. அவர் செய்தது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா பிள்ளைகளின் வீட்டு போட்டோவைப் பார்க்கும்போது வயிற்றில் லேசாக எரிவதும் நிற்கவில்லை. ஆனால் 'அப்பா என்னைப் பற்றி நினைக்கவே இல்லை' என்று ஒரு கணக்கை இத்தனை வருடம் கூட்டி வைத்திருந்தேனே, அது தப்புக் கணக்கு. அதைத் திருத்திக்கொண்டேன்.

காரைக்காலில் அம்மையார் கோவிலைப் பார்த்துவிட்டு இரவு பஸ் ஏறினோம். தம்பி வழியனுப்பும்போது என் பக்கத்தில் வந்து ஒரு சின்ன நோட்டை நீட்டினான். "ஐயா, அந்தத் தேதியெல்லாம் இதில் எழுதிக் குடுங்க. அடுத்த குரூப்புக்குச் சரியாச் சொல்லிடறேன்." 1954 அக்டோபர் 18, 178 பேர், 1962 ஆகஸ்ட் 16, செஞ்சித் தூண்கள் எல்லாவற்றையும் எழுதினேன். "கீழே உங்க பேரும் போடுங்க ஐயா" என்றான். போட்டேன்.

நீங்கள் பாண்டிச்சேரி போனால் கட்டாயம் கைடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை நேரம் ஒதுக்கிக் கீழூருக்கும் போய் வாருங்கள், அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. பஸ்காரர்கள் பெரும்பாலும் அங்கே நிறுத்துவதில்லை. வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கோயமுத்தூரில் இறங்கியதும் பொள்ளாச்சிப் பெரியவர் கேட்டார்: "அப்ப நீங்க கடலூர்ப் பக்கம் இல்லைங்களா?"

"இல்லைங்க. பாண்டிச்சேரி" என்றேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான். இருக்கட்டும்.