கோட்கர் சரிவில் கவாத்து

ஜனவரியில் தானேதாருக்குப் போனால் ஆப்பிளைப் பார்க்க முடியாது; மரத்தில் ஓர் இலைகூட இருக்காது. ஆனால் அந்த வருஷத்துக் காய் முடிவாவது அப்போதுதான்.

சிம்லாவைத் தாண்டி, கோட்கர் பகுதியில் இருக்கிறது இந்த ஊர். அமெரிக்காவிலிருந்து வந்து இங்கேயே குடும்பமாகிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916-இல் ரெட் டெலிஷியஸ் நட்ட மலை. இன்று பல வீடுகளில் படியிறங்கினாலே ஆப்பிள் மரம்தான்.

நான் போன வீட்டில் கவாத்துக்கு வந்திருந்தவர் நேபாளத்துக்காரர். சின்னக் கிளைகளைத் தன் போக்கில் நறுக்கிக்கொண்டே போனார். பெரிய கிளை என்றால் மட்டும், "மாஜி, இதை எடுத்துவிடலாமா?" என்று வீட்டம்மாவிடம் கேட்ட பிறகே ரம்பத்தை வைத்தார். என்னைக் கூப்பிட்டு, "பாய்சாப், தொட்டுப் பாருங்கள்" என்று ஒரு குச்சியை நீட்டினார். பருத்து, முனை மழுங்கி, மெல்லிய ரோமம் போர்த்தியிருந்தது பூமொட்டு. ஒல்லியாகத் தண்டோடு ஒட்டிக் கிடந்தது இலைமொட்டு. பூமொட்டு இருப்பது பெரும்பாலும் சுருக்கம் விழுந்த குட்டைக் கிளைகளில். பார்க்க நோஞ்சானாகத் தெரியும். பல வருஷம் காய்ப்பவை அவைதாம். விவரம் தெரியாதவர் கையில் கத்தரி கிடைத்தால் முதலில் பலியாவதும் அவையே.

அவர் கழித்தது வேறு: செங்குத்தாக எழும்பியவை, ஒன்றோடொன்று உரசியவை, நடுமரத்தை அடைத்தவை. உள்ளே வெயில் இறங்காமல் பழம் சிவக்காது. ஒவ்வொரு வெட்டும் வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே, தண்ணீர் வழிந்தோடும்படி சாய்வாக விழுந்தது. பெரிய காயங்களில் சௌபாட்டியா பசை தடவினார். காப்பர் கார்பனேட், சிவப்பு ஈயப்பொடி, ஆளிவிதை எண்ணெய் மூன்றையும் குழைத்தது. ஈயம் நஞ்சு; அதைத் தடவுகிறவருக்குக் கையுறை வாங்கித் தருவது தோட்டக்காரர் கடமை. பழப்பெட்டியில் ரகத்தின் பெயர் இருக்கிறது. அந்தக் கைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது எனக்கு வருத்தமே.

ராயல் டெலிஷியஸ் போன்ற ரகங்களுக்கு ஏழு டிகிரிக்குக் குறைவான குளிர் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் வேண்டும். பனி குறைகிற வருஷங்களில் இங்கேயே கவலைதான். இதே மாநிலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், பனியாலா கிராமத்தில் ஹரிமன் சர்மா உருவாக்கிய, குறைந்த குளிரே போதுமான எச்ஆர்எம்என்-99 ரகம் அந்த வகையில் பெரிய ஆறுதல்.

கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ வீட்டில் ஆப்பிள் வைக்க நினைப்பவர்களுக்கு: குறைந்த குளிர் போதுமான ரகமாகத் தேர்ந்தெடுங்கள். ஒற்றை மரத்தோடு நிற்காதீர்கள். ஆப்பிளுக்குப் பொதுவாகத் தன் மகரந்தம் போதாது. அன்னா வைத்தால் பக்கத்தில் டார்செட் கோல்டன் ஒன்றும் வையுங்கள். முதல் கவாத்துக்குக் கைதேர்ந்த ஆளைக் கூப்பிட்டு, கூடவே நின்று கற்றுக்கொள்ளுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.