சனிக்கிழமை வேண்டாம்

ஆடியில் வீடு மாறக் கூடாது, மார்கழியில் கூடவே கூடாது. மார்கழி பிறந்துவிட்டால் தை வரைக்கும் காத்திருக்க வேண்டும், ஒரு மாத வாடகை கூடுதலாகப் போகும். அதனால் அதற்கு முன்பே மாறிவிட வேண்டும் என்று ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அவசரப்படுகிறோம். சென்னையில் இந்த இரண்டும் அடைமழை மாதங்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதிவரை வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் நாட்களில்தான் இந்த ஊரின் வாடகைக் குடும்பங்கள் மூட்டை கட்டுகின்றன. வெள்ளத்தில் சிக்கியவர்களைப் படகில் ஏற்றுவதை எல்லாச் செய்தித்தாள்களும் படம் போடுகின்றன. வெள்ளத்துக்கு முதல் நாள் ஒரு குடும்பத்தின் பீரோவை முதுகில் தாங்கி மாடியேற்றியவரின் படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

2024 நவம்பர் கடைசி வாரம். நண்பர் முடிச்சூரில் தரைத்தளத்தில் குடியிருந்தார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது அவர் வேறு ஊரில் இருந்தார். 2023 மிக்ஜாம் புயலின்போது அந்த வீட்டில்தான் இருந்தார். கட்டில் உயரத்துக்கு வந்த தண்ணீர் வடிந்த கறை சுவரில் இன்னும் இருக்கிறது. சேலையூரில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு கிடைத்ததும், இணையத்தில் வீடு மாற்றித் தரும் ஓர் ஏஜென்சியைப் பிடித்து, நவம்பர் 30 சனிக்கிழமை என்று முன்பணமும் கட்டிவிட்டார். ஏஜென்சி அனுப்பிய மேஸ்திரி சாமான்களைப் பார்க்கப் புதன்கிழமை வந்தார். ஹாலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை வேணாம் சார். வெள்ளிக்கிழமையே தூக்கிடலாம். இல்லாட்டி புயல் போவட்டும்" என்று சொல்லியிருக்கிறார். "இந்த ஆளை நீ பார்க்கணும்" என்று நண்பர் எனக்குப் போன் செய்தார்.

மேஸ்திரிக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் இருந்த செல்போனில் வானிலை மையத்தின் வரைபடத்தைக் காட்டினார். ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அதை அதி கனமழை என்று வானிலை மையம் வகைப்படுத்துகிறது. அந்தக் கணக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதற்கு மேல் சொந்தக் கணக்கும் வைத்திருந்தார். மஞ்சள் எச்சரிக்கை என்றால் வழக்கம்போல வேலை, கூட ஒரு தார்ப்பாய். ஆரஞ்சு என்றால் மதியத்துக்குள் முடிகிற வேலையை மட்டும்தான் எடுப்பார். சிவப்பு என்றால் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை, சைதாப்பேட்டை அரங்கநாதன், வியாசர்பாடி கணேசபுரம் என்று மழை வந்தால் வண்டியை இறக்கக் கூடாத இடங்களை வரிசையாகச் சொன்னார். "தண்ணி நிக்குற ரோட்டுல ஆளு முன்னாடி கழி ஊனிக்கிட்டுப் போவணும் சார். மூடி இல்லாத சாக்கடை மேல இருந்து தெரியாது."

தேதி மாற்றுவதற்கு ஏஜென்சி லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. நாலைந்து போன்களுக்குப் பிறகு, மழைக்காலக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கட்டணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் வண்டி வந்துவிட்டது. மேஸ்திரியோடு உள்ளூர்க்காரர்கள் இருவர், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் இருவர். வானம் மூடியிருந்தது, விட்டுவிட்டுத் தூறல். சாமி படம், விளக்கு, அரிசி, உப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் நண்பரின் மனைவி கைப்பையில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் முன்னால் போனார். வீட்டுப் பத்திரங்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் அதே பையில் போகட்டும் என்று சொன்னது மேஸ்திரி. "நனைஞ்சா திரும்பக் கிடைக்காதது எதுவும் என் வண்டியில வேணாம்மா."

அவர் முதலில் தொட்டது மெயின் சுவிட்சை. அதை அணைத்துவிட்டுத்தான், ஓதம் ஏறிய அந்தச் சுவர்களுக்குப் பக்கத்தில் ஆட்களை விட்டார். ஏ.சி. கழற்றுகிறவர் தனியாக வந்து தன் வேலையை முடித்துப் போனார். அட்டைப்பெட்டி ஒட்டுவதும் பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றுவதும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

வண்டி ஏற்றுவதில்தான் இவருடைய கை தெரிந்தது. காலி காய்கறிக் கிரேட்களைக் கவிழ்த்து வண்டியின் தரை முழுக்கப் பரப்பினார். மழைத்தண்ணீர் மேலிருந்து வருவதைவிடப் பின்கதவு இடுக்கு வழியாக உள்ளே வந்து தரையில் ஓடுவதுதான் அதிகமாம். கிரேட் இருந்தால் தண்ணீர் அடியில் ஓடிவிடும், புத்தகப் பெட்டி தப்பிக்கும். ஃபிரிட்ஜை நிமிர்த்தி டிரைவர் கேபினோடு ஒட்டிக் கட்டினார். இன்வெர்ட்டர் பேட்டரி ஆசிட் சிந்தாமல் நிமிர்ந்தே வர வேண்டும் என்று அதற்கு ஒரு மூலை. மெத்தையைப் பாலித்தீனில் சுற்றி, இரண்டு பீரோக்களுக்கும் நடுவில் நிறுத்தினார். கேஸ் சிலிண்டரைக் கடைசியாக, மூடி போட்டு, கதவோரம் நிமிர்த்தி வைத்தார்.

பிறகு தார்ப்பாய். வண்டியில் இரண்டு இருந்தன. ஒன்று புது நீல பிளாஸ்டிக். இன்னொன்று கனமான பழைய கான்வாஸ், சைக்கிள் டியூப் துண்டுகளால் ஏழெட்டு இடங்களில் ஒட்டுப் போட்டது. சாமான் மேல் நேராக இழுத்துப் போர்த்தினால் நடுவில் குழி விழுந்து தண்ணீர் தேங்கும், தேங்கிய எடையில் பாய் கிழியும். அதனால் கட்டில் சட்டம் ஒன்றை நெடுக்குவாட்டில் மேலே நிறுத்திக் கூரை மாதிரி முகடு எழுப்பினார். பிளாஸ்டிக் பாயை முன்பக்கம் கேபினுக்குப் பின்னால் நன்றாக உள்ளே செருகினார். அங்கே காற்று புகுந்துவிட்டால் மேம்பாலத்தில் ஏறும்போது மொத்தப் பாயையும் தூக்கிவிடும் என்றார். அதன் மேல் கான்வாஸ். கயிற்றைக் கொக்கியில் மாட்டி, நடுவில் ஒரு கண்ணி எடுத்து, நுனியை அதற்குள் விட்டு, கால் முட்டியை வண்டியில் ஊன்றி உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுத்தார். கயிறு முறுகும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிப் பத்து நிமிஷத்தில் ஓரங்கட்டி, இறங்கி, எல்லா முடிச்சுகளையும் மறுபடி இறுக்கினார். நைலான் கயிறு நனைந்தால் தளரும், பலமும் குறையும். பருத்திக் கயிறு நனைய நனைய இறுகும். "அந்தக் காலத்துக் கயிறு தானா பாத்துக்கும் சார். இதை நாமதான் பாத்துக்கணும்."

அந்தக் கான்வாஸ் பாய் கோயம்பேட்டுக் காலத்தது. திண்டிவனம் பக்கத்திலிருந்து சின்ன வயதில் பட்டணம் வந்தவர், கொத்தவால்சாவடி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியிருக்கிறார். 1996இல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனபோது, தராசுகளையும் படிக்கற்களையும் கல்லாப்பெட்டிகளையும் வண்டி வண்டியாக ஏற்றியவர்களில் அவரும் ஒருவர். "நான் செஞ்ச மொதல் ஷிப்டிங் ஒரு மார்க்கெட்டு" என்றார். துண்டைச் சும்மாடு கட்டி வெங்காய மூட்டை சுமந்து சுமந்து கழுத்து எலும்பு தேய்ந்தபோது, டாக்டர் இனித் தலைச்சுமை கூடாது என்றார். முதுகுச் சுமைக்கு மாறிக்கொண்டார்.

சேலையூர் வீட்டில் மாடிப்படி முழுக்க வழவழப்பான டைல்ஸ். எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு படியிலும் நனைத்துப் பிழிந்த சாக்கை விரித்தார். பீரோ ஏறும்போது பாரம் முழுக்கக் கீழே நிற்பவர் மேல் சாயும். அந்த இடத்தில் மேஸ்திரியே நின்றார். அவர் குரல் கொடுத்தால் மட்டும்தான் மேலே இருப்பவர் அடுத்த படிக்குக் கால் எடுக்கலாம். இந்த வயதில் நீங்கள் ஏன் கீழே நிற்கிறீர்கள் அண்ணே என்று கேட்டேன். காரணத்தைச் சொன்னார். சில வருஷங்களுக்கு முன், வேறொரு ஏஜென்சி வேலையில், கொட்டுகிற மழையில் இன்றைக்கே இறக்கியாக வேண்டும் என்று நெருக்கியிருக்கிறார்கள். கீழே நின்ற பையன் வழுக்கினான். ஃபிரிட்ஜ் அவன் கணுக்காலில் இறங்கியது. ஏஜென்சிக்காரர் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து ஏதோ கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டுப் போனவர், அதன்பிறகு போனே எடுக்கவில்லை. ஃபிரிட்ஜில் விழுந்த நசுங்கலுக்கு மற்றவர்களின் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். பையன் இப்போது ஊரில் ஆடு மேய்க்கிறான்.

மறுநாள் ஃபெஞ்சல் புயல் வந்தது. சென்னை விமான நிலையத்தையே மூட வேண்டியிருந்தது. இரவில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயல் நகராமல் நின்று பெய்ததில், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. மேஸ்திரியின் சொந்த ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். நண்பர் வீட்டுச் சாமான் ஒன்றுகூட நனையவில்லை. மேஸ்திரியின் அம்மா இருந்த வீட்டில் ஒரு பக்கச் சுவர் போய்விட்டது, உயிருக்குச் சேதமில்லை.

இனி அந்த மழைக்காலக் கட்டணம். நண்பர் பேச்சுவாக்கில் அதைச் சொன்னபோது, மேஸ்திரி அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. தார்ப்பாய் அவருடையது, கயிறு அவருடையது, கிரேட் அவருடையது, சாக்கு அவருடையது. மழையில் வழுக்கி விழப்போகும் கால் அவருடையது. மழையின் பெயரால் வாங்கிய பணம் மட்டும், மழையையே பார்க்காத ஓர் அலுவலகத்தில் தங்கிவிட்டது. ஏஜென்சி எதை விற்கிறது? ஒரு போன் எண்ணை, ஒரு ரசீதை. அதற்கு வாடிக்கையாளர் கொடுத்த தொகையில் பாதிக்கு மேல் போகிறது. மிச்சத்தில் வண்டி வாடகை, டீசல், ஐந்து பேர் கூலி. அதுவும் உடனே கைக்கு வராது. இதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். இந்தத் தொழிலில் பாதுகாப்பு என்பதே ஒருவர் வானத்தைப் பார்த்து "இன்னிக்கு வேணாம்" என்று சொல்வதில்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் அடுத்த வேலை வராது என்கிற பயத்தை ஏஜென்சிகள் உண்டாக்கி வைத்திருக்கின்றன. வேலை தெரிந்தவர் வாயை அடைத்துவிட்டு, சாமான் பத்திரமாகப் போய்ச்சேரும் என்று விளம்பரம் செய்வது மோசடி.

தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982லேயே சட்டம் வந்துவிட்டது. நல வாரியமும் இருக்கிறது, பதிவு செய்தவர்களுக்கு விபத்து நிவாரணம் உண்டு. அன்றைக்கு வந்த ஐவரில் வாரிய அட்டை வைத்திருந்தவர் மேஸ்திரி மட்டும்தான். அனுப்பி வைக்கும் ஏஜென்சி யாரையும் பதிவு செய்யச் சொல்வதில்லை. ஒரு ஆண் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. அந்தப் பீரோ காலியாகவே எண்பது கிலோ இருக்கும் என்றார் மேஸ்திரி. இரண்டு பேர் பிடித்தாலும் படிக்கட்டில் பாரம் சரிபாதியாகப் பிரிவதில்லை.

நண்பர் ஏஜென்சிக்கு எழுதியிருக்கிறார். ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் பணம் பிடிக்காமல் தேதியை மாற்றலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். மழைக்கட்டணத்தில் தொழிலாளியின் பங்கு எவ்வளவு என்று ரசீதிலேயே இருக்க வேண்டும். தான் கட்டிய மழைக்கட்டணம் அந்த ஐந்து பேருக்கும் போய்ச்சேர வேண்டும். இதுவரை பதில் இல்லை. மேஸ்திரிக்கு வர வேண்டிய கூலியில் ஒரு பகுதியும் இன்னும் வரவில்லை.