மழைக்கு ஒதுங்கினது தப்பா?

அம்மா போனை டியூஷனுக்கு எடுத்துட்டுப் போவேன். ஒருநாள் சேலையூர் கேம்ப் ரோட்டில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "அரை மணி நேரம் அங்க என்னடி வேலை?" என்றான். எனக்குத் தெரியாமலே போனில் லொக்கேஷன் ஷேரிங் போட்டு வைத்திருக்கிறான்! மழை என்று சொல்லியும் நம்பவில்லை. அழுகையாக வந்தது.

அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஜாமீனில் வந்தவரைக்கூட, 'இருக்கும் இடத்தை கூகுள் மேப்பில் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இரு' என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2024இல் அதே நீதிமன்றம் சொன்னது. அவருக்கே அப்படியென்றால், மழைக்கு ஒதுங்கின எனக்கு?

அண்ணனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "பயம்தான்டி" என்றான்.

இப்போது இருட்டிவிட்டால் நானே ஆன் செய்கிறேன். வீடு வந்ததும் நானே நிறுத்துகிறேன்.

தோழிகளே, காவல் வேறு, வேவு வேறு!