அரை நிமிடப் பொறுமை

பெட்ரோல் இயந்திரத்துக்குத் தீப்பொறி வேண்டும். டீசல் இயந்திரத்துக்கோ அழுத்தமே நெருப்பு. உருளைக்குள் புகுந்த காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும்போது எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. 1897இல் ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய நெறி இதுவே. உலோகம் குளிர்ந்து கிடந்தால் அவ்வெப்பத்தை அதுவே உண்டுவிடும்.

குருபரப்பள்ளியின் மார்கழி வைகறை ஒன்றில் இதனை நாங்கள் கண்கூடாக அறிந்தோம். வீட்டில் பிரசவ வேதனை. கிருஷ்ணகிரிக்குச் செல்ல அண்டை வீட்டாரின் பழைய டீசல் கார் ஒன்றே துணை. இளைஞர்கள் பதறித் தள்ள முனைந்தனர். முதிய ஓட்டுநரோ, "பொறுங்கள் தம்பிகளா, சும்மா சும்மா அடித்தால் பேட்டரி இறங்கிவிடும், ஹீட்டர் பிளக் சூடேறட்டும்" என்று சாவியைப் பாதி திருப்பி நிறுத்தினார். அந்த அரை நிமிடம் எங்களுக்கு ஒரு யுகமாயிற்று. பின்னர் வண்டி வெண்புகை கக்கி உறுமியது. பொழுது புலருமுன் மழலையின் அழுகுரல் கேட்டோம்.

எங்கள் ஊர் வழியே செல்லும் 44ஆம் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைப்பது. அவ்வடகோடிக்கும் அப்பால், லடாக்கின் கடுங்குளிரில், டீசலிலுள்ள மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். அதன்பொருட்டே, சுழியத்துக்குக் கீழ் 33 பாகை செல்சியஸ் வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. அங்கே எரிபொருளே மாற வேண்டியிருந்தது. எங்கள் குளிருக்கு அரை நிமிடப் பொறுமை போதுமானதாயிற்று.

மாணவச் செல்வங்களே! இடுக்கண் வேளையில் காத்திருப்பதும் ஒரு வினையே. காரணம் அறிந்தவர்க்கே அது கைகூடும்.