எங்கள் வீட்டு இரண்டாவது தறி

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர் பெரியோர். உலகமே கூடி இழுத்து வரும் ஒரு தேரைப் பற்றி என் அன்புத் தோழியருக்குச் சொல்ல விழைகிறேன். அத்தேரின் பெயர் லினக்ஸ்.

1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், கணினியை இயக்கும் மென்பொருளின் கருவை எழுதி உலகுக்கு வழங்கினார். எவரும் அதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் 2007-இல் ‘பாஸ்’ என்னும் லினக்ஸை வெளியிட்டது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் அதுவும் இடம்பெற்றது.

அவ்வாறு என் சித்தி பெற்ற மடிக்கணினி, அவர் திருமணமாகிச் சென்றபின் பெரணமல்லூரில் எங்கள் வீட்டுப் பரணில் உறங்கிக் கிடந்தது. அதை எழுப்பியது ஒரு மழை.

என் தந்தை கூலிக்குப் பட்டு நெய்பவர். முதலாளி தரும் பட்டு நூல், சரிகை இவற்றின் எடை, கொடுத்த புடவைகள், வாங்கிய முன்பணம் யாவும் ஒரு நோட்டில் இருக்கும். சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி அந்த நோட்டு நனைந்தது. மை கரைந்தது. இரண்டு புடவைகளின் கூலி கணக்கில் வரவில்லை. எடுத்துக் காட்ட எழுத்தும் இல்லை. அப்பா ஒன்றும் பேசாமல் தறிக்குழியில் இறங்கி அமர்ந்தார்.

சென்னையில் சர்வர்களைப் பராமரிக்கும் பணியில் உள்ள என் மாமா பொங்கலுக்கு வந்தபோது, அந்தப் பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸை நிறுவித் தந்தார். 1993-இல் தொடங்கி உலகெங்கும் உள்ள தன்னார்வலர் வளர்த்து வரும் மென்பொருள் இது, விலை கிடையாது. திரையில் படங்கள் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளைக்குக் காத்திருக்கும் ஒரு குறி மட்டுமே. “பழுதாகிவிட்டதா?” என்றார் அம்மா. ஞாயிறுதோறும் தொலைபேசியில் மாமா பாடம் நடத்தினார்.

“எவராவது கணக்கை மாற்றி எழுதிவிட்டால்?” என்பது அப்பாவின் முதல் கேள்வி. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர், குழுவினர், மற்றவர் என்று மூவகை உரிமை உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. எங்கள் கணக்குக் கோப்புக்கு 640 என அமைத்தேன். உரியவர் எழுதலாம், வீட்டார் படிக்கலாம், மற்றவர் பார்க்கவும் இயலாது.

‘ரூட்’ என்னும் பயனருக்கு மட்டும் எத்தடையும் இல்லை. ஆதலால் அப்பெயரில் அன்றாட வேலை செய்யலாகாது. தேவையான கட்டளைக்கு மட்டும் ‘சூடோ’ என்று முன்னால் சேர்த்து அதிகாரம் பெற வேண்டும் என்று மாமா கண்டிப்பாகக் கூறினார். அதிகாரம் மிகுந்தவருக்கு அடக்கமும் மிகுதியாக வேண்டும் என்ற நீதியை இக்கணினியிடமும் கற்றேன்.

தறி ஓய்ந்தபின் இரவு பத்து மணிக்கு, ‘கிரான்’ என்னும் ஏவலாளி கணக்கைத் தானே நகலெடுத்துப் பென் டிரைவில் வைக்கும். இதை விளக்கியபோது அப்பா உடனே புரிந்துகொண்டார். ஜக்கார்டு பெட்டியின் துளையிட்ட அட்டைகளும் அப்படித்தானே, எழுதி வைத்த வரிசைப்படி பூவை எழுப்புகின்றன! நகல் எடுத்தால் மட்டும் போதாது; அதிலிருந்து மீட்டும் பார்க்க வேண்டும். மாதந்தோறும் ஒரு கோப்பை மீட்டுப் பார்க்கிறேன். மின்சாரம் நின்ற நேரம், உள்ளே நுழைந்தவர் பெயர் யாவும் பதிவேட்டில் இருக்கும். அதை வரி வரியாகப் படிக்கையில், அறுந்த இழையைத் தேடும் அப்பாவின் கண்கள் நினைவுக்கு வரும்.

ஆடி மாதம் கணக்குப் பார்த்தபோது தேதியும் எடையும் பிசகவில்லை. கூலி முழுமையாக வந்தது.

பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பயில விரும்புகிறேன். அதன்பின் வெளியூர் செல்ல நேருமே என்று அம்மா இன்னும் முழுமனத்துடன் இசையவில்லை. அவர் கவலையில் தவறில்லை. என் ஆவலிலும் தவறில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தோழியரே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மடிக்கணினி உறங்கலாம். எடுத்துத் தூசி தட்டுங்கள். உலகோர் கூடி இழுக்கும் தேர்வடத்தில் நம் கைகளுக்கும் இடமுண்டு.

— பத்தாம் வகுப்பு மாணவி